வாட் எத்தனை என்றும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் குறைந்த செலவில் வாங்கக்கூடிய கேமிங் லேப்டாப்களைப் பற்றி அரைப் பக்க அட்டவணை ஒன்று வந்திருந்தது. பத்து லேப்டாப்கள். ஒவ்வொன்றுக்கும் பிராசசர், ரேம், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி., திரையில் படத்தை வரையும் கிராபிக்ஸ் கார்டின் பெயர், திரையின் அளவு, எடை என்று ஆறு கட்டங்கள். உழைத்துத் தயாரித்திருக்கிறார்கள் என்பது பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் ஏழாவதாக ஒரு கட்டம் இருந்திருக்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டு எத்தனை வாட்டில் ஓடும் என்ற அந்த எண்ணைப் பார்க்காமல் முன்பு வாங்கியதால் என் வீட்டில் என்ன ஆனது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். இருபத்தாறு வருடமாக அதுதான் தொழில். கருகிப்போன மோட்டார் ஒன்று பட்டறைக்கு வந்தால், முதலில் துணியை எடுத்துத் துடைப்பது அதன் நேம் பிளேட்டைத்தான். எத்தனை ஹார்ஸ் பவர், எத்தனை வோல்ட், எத்தனை ஆம்ப்ஸ், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எல்லாம் அந்தத் தகட்டில் அடித்திருக்கும். கம்பெனி பெயர் அழிந்திருந்தால் பரவாயில்லை, வேலை நடக்கும். எண்கள் அழிந்திருந்தால் அன்றைய பொழுது அதற்கே போய்விடும். அப்படிப்பட்ட நானே மகளுக்கு லேப்டாப் வாங்கும்போது எண்ணைக் கேட்கவில்லை. பெயரைப் பார்த்தேன், பணத்தைக் கட்டினேன்.

மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மாலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து இரண்டு வருடம் சேர்த்த பணம் பாதி, நான் போட்டது பாதி. படிப்புக்கும் வேண்டும், விளையாடவும் வேண்டும் என்று ஒளிக்காமல் சொல்லித்தான் கேட்டாள். விளையாட்டுக்கா இவ்வளவு செலவு என்று கேட்ட உறவினர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கார் ஓட்டும் விளையாட்டு அவளுக்கு உயிர். ஒரு வளைவில் எந்த இடத்தில் பிரேக் பிடிக்க வேண்டும் என்று அவள் இருபது தடவை ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பதைப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். அந்தப் பொறுமை என் பட்டறையில் வேலை பழக வருகிற பையன்களுக்கு இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றும்.

வாங்கியது ஆர்.டி.எக்ஸ். 4050 என்ற கிராபிக்ஸ் கார்டு உள்ள மெல்லிய லேப்டாப். பெட்டியின் மேலும் அதே பெயர், விளம்பரத்திலும் அதே பெயர். என் தங்கை மகன் வைத்திருப்பதும் அதே 4050தான், ஆனால் கனமான, பின்பக்கம் புடைத்த மாடல். அவனுடையது ஓடுகிற மாதிரியே இதுவும் ஓடும் என்று நம்பித்தான் வாங்கினோம். ஒரு வாரம் மகள் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் ஒரு நாள் இரவு, "அப்பா, வளைவுல திரும்பும்போது படம் விக்குதுப்பா" என்றாள். விக்கல் என்பது சரியான சொல். ஓடிக்கொண்டிருக்கும் படம் ஒரு கணம் நின்று, பிறகு ஒரு முழம் தள்ளி மறுபடி ஓடும்.

அடுத்த விடுமுறை நாளில் தங்கை மகனை அவனுடைய லேப்டாப்போடு வரச் சொன்னேன். இரண்டையும் மேசையில் அடுத்தடுத்து வைத்தோம். இரண்டும் சார்ஜரில். மகள் விளையாடும் ஃபோர்ஸா ஹொரைசன் 5 விளையாட்டிலேயே சோதனை ஓட்டம் என்று ஒரு வசதி இருக்கிறது. யாரும் ஓட்ட வேண்டியதில்லை. அதே பாதையில் அதே கார் தானாகவே ஓடி முடித்ததும், ஒரு நொடிக்குச் சராசரியாக எத்தனை படம் வந்தது என்று சொல்லிவிடும். இரண்டு லேப்டாப்பிலும் ஒரே அளவுத் திரைப் புள்ளிகள், ஒரே தர அமைப்பு. அவனுடையதில் நொடிக்கு 84 படம். மகளுடையதில் 56. மூன்று தடவை ஓட்டினோம். ஒன்றிரண்டு கூடியது குறைந்தது, அவ்வளவுதான்.

"மாமா, ரெண்டும் ஒரே கார்டுதானே? அப்புறம் ஏன்?" என்றான் அவன்.

என் கண் மேசையில் இல்லை, தரையில் இருந்தது. தரையில் இரண்டு சார்ஜர்கள் கிடந்தன. ஒன்று செங்கல் அளவு, இன்னொன்று அதில் பாதிதான் இருக்கும். குனிந்து எடுத்து, டார்ச் அடித்து, அடிப்பக்கத்தில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். தங்கை மகனுடையதில் அவுட்புட் 20 வோல்ட், 8.5 ஆம்ப்ஸ். மகளுடையதில் 20 வோல்ட், 6 ஆம்ப்ஸ். பெருக்கினால் ஒன்று 170 வாட், இன்னொன்று 120 வாட். இவ்வளவு நாள் காலில் தட்டுப்பட்டுக்கொண்டிருந்த சார்ஜரிலேயே நேம் பிளேட் இருந்திருக்கிறது!

அந்த 120 வாட்டில் பிராசசர் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். திரை, விசிறிகள், எஸ்.எஸ்.டி. எல்லாம் எடுக்கும். பேட்டரியும் ஏற வேண்டும். மீதிதான் கிராபிக்ஸ் கார்டுக்கு. தங்கை மகன் பிறகு, கார்டைத் தயாரிக்கும் என்விடியா கம்பெனியின் கன்ட்ரோல் பேனலை லேப்டாப்பில் திறந்து, சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்ற பகுதியில் கார்டுக்கு அதிகபட்சம் எத்தனை வாட் என்று இருந்த வரியைக் காட்டினான். அவனுடையதில் 105. மகளுடையதில் 55.

ஒரே பெயர், ஒரே 6 ஜிபி நினைவகம், உள்ளே கணக்குப் போடும் கோர்களும் ஒரே எண்ணிக்கையில் 2,560. கிடைக்கும் மின்சாரம் மட்டும் ஏறக்குறைய பாதி. இதில் யாரும் சட்டத்தை மீறவில்லை. 2023இல் வந்த இந்த லேப்டாப் கார்டை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் ஓட்டிக்கொள்ளலாம் என்று என்விடியாவே லேப்டாப் தயாரிப்பாளர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. அதற்கு மேல்படியான 4060 கார்டுக்கும் அதே 35 முதல் 115தான். முன்பெல்லாம் குறைந்த மின்சாரத்தில் ஓடும் வகைக்குப் பெயருக்குப் பின்னால் 'மேக்ஸ்-கியூ' என்று ஒரு ஒட்டு இருக்கும். அதைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளலாம். 2021இல் லேப்டாப்களுக்கு 30 வரிசைக் கார்டுகள் வந்தபோது அந்த ஒட்டு பெயரிலிருந்து போய்விட்டது. அதற்குக் கண்டனம் எழுந்ததும், கார்டின் வாட் அளவையும் கடிகார வேகத்தையும் தங்கள் தளத்தில் போட வேண்டும் என்று தயாரிப்பாளர்களிடம் என்விடியா சொன்னது. ஆகவே அந்த எண் எங்கோ இருக்கத்தான் செய்கிறது, நுட்ப விவரங்களின் அடியில், பொடி எழுத்தில். விளம்பரத்தில் இல்லை, பெட்டியின் முகப்பில் இல்லை, உங்கள் அட்டவணையிலும் இல்லை.

வாட் பாதியானால் வேகமும் பாதியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. மோட்டாரைப் போலவே இதிலும் கணக்கு நேர்கோட்டில் போகாது. வேகத்தின் கடைசிப் பகுதியைப் பிடிக்கத்தான் மின்சாரம் தாறுமாறாகச் செலவாகும். அதனால் மிக அதிக வாட் என்று அலையவும் வேண்டாம். ஆனால் நன்றாகத் தீனி போட்ட 4050, பட்டினி போட்ட 4060க்குப் பக்கத்தில் வந்துவிடும். பெயரில் உள்ள எண் பெரிதாக இருக்கிறதே என்று கூடுதலாகப் பணம் கொடுக்கும் ஒருவருக்கு இது எவ்வளவு முக்கியமான செய்தி!

அன்றைக்கே இன்னொன்றும் தெரிந்தது. 28 படம் குறைந்ததற்கு வாட் மட்டும் காரணம் இல்லை. தங்கை மகனுடையதில் 8 ஜிபி ரேம் குச்சி இரண்டு. மகளுடையதில் ஒன்றுதான். வாங்கும்போது "அப்புறம் போட்டுக்கலாம்" என்றார்கள், நாங்களும் தலையாட்டினோம். நினைவகம் 16 ஜிபிக்குப் பதில் 8 ஜிபிதானே, கொஞ்சம் குறைவு என்றுதான் நினைத்திருந்தேன். விஷயம் அளவில் மட்டும் இல்லை. இரண்டு குச்சி இருந்தால் பிராசசர் இரண்டு வழியாக ஒரே நேரத்தில் தகவலை எடுக்கும். ஒன்றே ஒன்று என்றால் ஒரு வழிப் பாதைதான். பிராசசர் காத்திருந்தால் கிராபிக்ஸ் கார்டும் காத்திருக்கும். அந்த விக்கலில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வந்தது.

அதே வேகம், அதே வகைக் குச்சி ஒன்று வாங்கி வந்தோம். திறந்தால் வாரண்டி போகாது என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் கை வைத்தேன். அடிப் பலகையில் பதினோரு ஸ்க்ரூ, அதில் முன்பக்க நான்கு மட்டும் நீளம் குறைவு. கழற்றிய வரிசையிலேயே ஒரு தாளில் குத்தி வைத்தேன். பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை ஓரத்தில் நுழைத்து நெம்பியதும் மூடி டக் டக் என்று விட்டுக்கொடுத்தது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, காலியாக இருந்த ஸ்லாட்டில் குச்சியைச் சாய்வாகச் செருகி மெதுவாக அமுக்கினேன். இரண்டு பக்கமும் சின்னக் கொக்கி வந்து பிடித்துக்கொண்டது. எல்லாம் இருபது நிமிடம். மூடிப் போட்டு அதே சோதனையை ஓட்டினால் 56 இப்போது 67. விக்கல் அறவே நின்றுவிட்டது. மகள் ஒன்றும் பேசாமல் அந்த வளைவை மறுபடி மறுபடி ஓட்டிக்கொண்டே இருந்தாள்.

மீதி 17 படம் என்னால் கொண்டுவர முடியாதது. ரேமைப் பிறகு போடலாம், எஸ்.எஸ்.டி.யை மாற்றலாம். வாட்டைப் பிறகு போட முடியாது. பெரிய சார்ஜரைச் செருகினாலும் உள்ளே போட்டிருக்கும் வரம்பு அப்படியேதான் இருக்கும். அதனால்தான் வாங்கும் முன்பே தெரிய வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன்.

கார்டுக்குள் இருக்கும் நினைவகமும் அப்படித்தான், வாங்கிய பின் கூட்ட முடியாது. உங்கள் அட்டவணையில் ஆர்.டி.எக்ஸ். 3050 என்று மூன்று இடத்தில் இருந்தது. அந்தப் பெயரில் 4 ஜிபி வகையும் உண்டு, பிறகு வந்த 6 ஜிபி வகையும் உண்டு. எது என்று குறிப்பிடவில்லை. பழைய ஜி.டி.எக்ஸ். 1650 கார்டு உள்ள ஒன்றும் பட்டியலில் இருந்தது. 2019இல் வந்த கார்டு அது. சாதாரண விளையாட்டுகளுக்கு இன்றும் போதும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெளிச்சம் எங்கே எப்படிப் படும் என்று கணக்குப் போட்டு வரையும் ரே டிரேசிங் வசதி கார்டிலேயே இருந்தால்தான் ஓடுவோம் என்று சொல்லும் விளையாட்டுகள் வரத் தொடங்கிவிட்டன. இந்தியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள் அப்படி ஒன்று. 1650இல் அந்த வசதி கிடையாது. ஆர்.டி.எக்ஸ். கார்டுகளில் டி.எல்.எஸ்.எஸ். என்ற உபாயமும் இருக்கிறது. படத்தைச் சின்ன அளவில் வரைந்து, பெரிதாக்கிக் காட்டும். சுமை குறையும், கண்ணுக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியாது. குறைந்த செலவில் வாங்குகிறவர்களுக்கு இது பெரிய துணை. மகள் புதிய விளையாட்டு எதைப் போட்டாலும் முதலில் இதைத்தான் தேடுகிறாள்.

அட்டவணையோடு வந்த கட்டுரையில் பிராசசர் பற்றிய ஒரு இடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. "முடிந்தால் ஐ7க்குப் போய்விடுங்கள்" என்று எழுதியிருந்தார்கள். பணம் அளவாக இருப்பவருக்கு இது தப்பான யோசனை என்று நினைக்கிறேன். விளையாட்டில் சுமையைப் பெரும்பாலும் தூக்குவது கிராபிக்ஸ் கார்டுதான். எச் என்று முடியும் இன்டெல் ஐ5 பிராசசர் ஒன்று இந்த அளவுக் கார்டுக்குத் தாராளம். ஐ7க்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தைக் கார்டுக்கும் இரண்டாவது ரேம் குச்சிக்கும் போட்டால் கண்ணில் தெரியும். ஏ.எம்.டி. கம்பெனியின் ரைசன் பிராசசர்களிலும் பெயர் ஏமாற்றும். 7000 வரிசை லேப்டாப் பிராசசர்களில் மூன்றாவது எண்ணைப் பாருங்கள், அதுதான் உள்ளே இருக்கும் வடிவமைப்பின் தலைமுறை. 7640எச்.எஸ். என்றால் ஜென் 4 என்ற தலைமுறை. 7535எச்.எஸ். என்றால் அதற்கு முந்தையது. 7520யு என்றால் 2019இல் வந்த ஜென் 2. மூன்றும் ரைசன் 5தான், மூன்றும் 7000தான்.

திரையைப் பற்றி ஒரு வார்த்தை. 144 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 144 தடவை படம் மாறும் என்று எல்லோரும் போடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் 250 நிட்ஸ் வெளிச்சமும் 45 சதவீத என்.டி.எஸ்.சி. நிறமும் உள்ள திரையாக இருந்தால், பகலில் ஜன்னல் ஓரம் உட்கார முடியாது, சிவப்பெல்லாம் செங்கல் நிறமாகத் தெரியும். மகளுடையது அந்த வகைதான். இதையும் முன்பே பார்த்திருக்கலாம்.

சூடு பற்றி நீங்கள் ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். இது என் தொழிலோடு சேர்ந்தது என்பதால் எனக்கு மனசு கேட்கவில்லை. மோட்டார் ஏன் கருகுகிறது? பாதிக்கு மேல் நான் பார்த்தது, பின்னால் இருக்கும் விசிறி மூடியில் அழுக்கு அடைத்து, காற்றுப் போகாமல் வெந்து கருகியவை. லேப்டாப் கருகாது. அதற்குப் பதில் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும். சோதனையை முதல் தடவை ஓட்டும்போது கிடைக்கும் எண், அரை மணி நேரம் விளையாடிய பிறகு கிடைக்காது. மகளுடையதில் பிராசசர் 95 டிகிரி வரை போனது. பின்பக்கத்தை இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தூக்கி வைக்கும்படி ஒரு மரக்கட்டை இழைத்துக் கொடுத்தேன். அடியில் காற்று போக வழி கிடைத்ததும் 89இல் நின்றது. விசிறிச் சத்தமும் ஒரு படி இறங்கியது. படுக்கையில், மெத்தை மேல் வைத்து விளையாடுகிற பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். மெல்லிய லேப்டாப் அழகாக இருக்கிறது, தூக்கிப் போக லேசாக இருக்கிறது. அதன் விலை இந்தச் சூட்டில்தான் இருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு விளையாடுவது என்ற பேச்சே வேண்டாம். பேட்டரியில் போனதும் எந்த கேமிங் லேப்டாப்பும் கார்டுக்கான மின்சாரத்தை வெட்டிவிடும்.

எஸ்.எஸ்.டி. 512 ஜிபி என்றால் போதும் என்று அட்டவணை சொல்கிறது. பால்டர்ஸ் கேட் 3 ஒன்றே 150 ஜிபி கேட்கிறது, ஃபோர்ஸா 110. விண்டோஸையும் படிப்புக் கோப்புகளையும் சேர்த்தால் மூன்று விளையாட்டோடு நிறைந்துவிடும். இன்னொரு எஸ்.எஸ்.டி. போட இடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டால் 512இலேயே தொடங்கலாம், தப்பில்லை. ரேமுக்கும் அதே கேள்விதான். சில மெல்லிய மாடல்களில் ரேமைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். அதை நான் என்ன, யாரும் கழற்ற முடியாது.

ஆசிரியர் அவர்களே, எங்களுக்கு லேப்டாப் விற்றவர்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது உண்மை. "வாட்டா? அதெல்லாம் யாரும் கேட்க மாட்டாங்க சார்" என்றுதான் பிறகு போய்க் கேட்டபோதும் பதில் வந்தது. யோசித்துப் பார்த்தால் அந்தப் பதிலில்தான் விஷயமே இருக்கிறது. கேட்பதற்கு ஒரு கேள்வி இருக்கிறது என்று தெரிந்தால்தானே யாரும் கேட்பார்கள்? அந்தக் கேள்வியை நான்கு பேருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் உங்கள் பத்திரிகை.

அடுத்த முறை இப்படி அட்டவணை போடும்போது எடைக் கட்டத்தை வேண்டுமானால் எடுத்துவிட்டு, கார்டின் அதிகபட்ச வாட், கார்டின் நினைவகம், ரேம் எத்தனை குச்சி என்ற மூன்றையும் போடுங்கள். தயாரிப்பாளர் தளத்தில் வாட் அளவு இல்லையென்றால் "தரவில்லை" என்றே அச்சிடுங்கள். உங்கள் பக்கங்களில் வரும் லேப்டாப் விளம்பரங்களிலும் கார்டின் பெயருக்குப் பக்கத்தில் அந்த எண் இருக்க வேண்டும் என்று விளம்பரதாரர்களிடம் கேளுங்கள். "4050, 55 வாட்" என்று சேர்த்துப் போட இரண்டு சொல்லுக்கான இடம் போதும்.

என் பட்டறையில் வேலை பழகும் பையன் ஒருவன் தன் தம்பிக்காக லேப்டாப் பார்த்துக்கொண்டிருக்கிறான். உங்கள் அட்டவணையை வெட்டிச் சட்டைப் பையில் வைத்திருந்தான். அதன் ஓரத்தில் பென்சிலால் கோடு இழுத்து இன்னொரு கட்டம் போட்டுக் கொடுத்தேன். பத்தில் நான்குக்குத்தான் எண்ணைத் தேடிப் பிடிக்க முடிந்திருக்கிறது. மீதி ஆறையும் நிரப்பிக்கொண்டுதான் அவன் வாங்கப் போகிறான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்